இரைமீனும் ஏரி நீரும்

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்களிடம், "தூண்டில் மீனைப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். கம்பனும் கல்வெட்டும் உட்காருகிற பந்தியில் கெண்டைக் குஞ்சுக்கு இலை போடுவதா என்பதுபோல ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு அவர்களில் மூத்தவர், "எழுதுங்க சார், ஞாயித்துக்கிழமையானா நம்ம ஆளுங்கள்ல நாலு பேர் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம்தானே கிடக்கிறாங்க" என்று அனுமதி கொடுத்தார்.

குறுந்தொகையின் 54ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. மீனைத் தூக்கும் தூண்டில் மேலே எழுவதை அவர் உவமையாக்கினார்; அந்த உவமையே அவருக்குப் பெயராகி, மீனெறி தூண்டிலார் என்று ஏட்டில் நின்றுவிட்டது. அவருக்கு இடம் கொடுத்த மொழி எனக்கும் இரண்டு பக்கம் கொடுக்கும் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன். சைவ அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இக்கட்டுரையில் மீனைச் சமைக்கும் செய்தி எதுவும் இல்லை; சாகாமல் வைத்திருக்கும் செய்திதான் உண்டு.

விரால் பிடிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியும். மண்புழுவுக்கும் மாவுருண்டைக்கும் எல்லா நாளும் விரால் மயங்காது. துள்ளுகிற சின்னக் கெண்டை கண்ணில் பட்டால்தான் பாயும். அந்தக் கெண்டையைப் போகிற இடத்தில் பிடிக்கலாம் என்று நம்பிப் போனால், அன்றைக்குப் பார்த்து ஒன்றும் கிடைக்காது. ஆகவே போன வாரம் பிடித்ததில் மிஞ்சியதை அடுத்த பயணம் வரை வீட்டில் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வேலை அவ்வளவுதான். அந்த வேலையை ஒழுங்காகக் கற்க எனக்குப் பத்து வருஷம் பிடித்தது.

நான் பிறந்தது பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில். என் தாய்மாமன் விரால் தூண்டில் போடுவதில் மன்னன். வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் வாய் அகன்ற மண்பானை ஒன்றைக் கழுத்து வரை புதைத்து வைத்திருப்பார். அதற்குள் முப்பது நாற்பது கெண்டைப் பொடி ஓடிக்கொண்டிருக்கும். மேலே பழைய வலைத்துண்டு. காலையும் மாலையும் நாலு சொம்பு பழந்தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, வாய்க்கால் தண்ணீரை நாலு சொம்பு ஊற்றுவார். அதையும் தலைக்கு மேலே தூக்கி, நூல் மாதிரி விழும்படி ஊற்றுவார்.

"ஏன் மாமா, இவ்வளவு உசரத்திலேர்ந்து ஊத்துறீங்க?"

"தண்ணி மூச்சு வாங்கணும்டா. தண்ணி மூச்சு வாங்கினாத்தான் மீன் மூச்சு வாங்கும்."

ஏதோ கிராமத்துப் பேச்சு என்று அதை நான் மறந்துவிட்டேன். 1978இல் வேலை கிடைத்துப் பெங்களூருக்கு வந்து, அல்சூரில் ஒண்டுக்குடித்தனத்தில் குடியேறினேன். தூண்டில் ஆசை மட்டும் ஊரோடு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஓசூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில் குத்தகைக்காரரைக் கேட்டுக்கொண்டு நாற்பது கெண்டை பிடித்தேன். வீட்டுக்கு வந்ததும், பாவம், அழுக்குத் தண்ணீரில் தவிக்கிறதே என்று ஏரித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயைத் திறந்து பிளாஸ்டிக் வாளி நிறைய நல்ல தண்ணீர் பிடித்தேன். விடிந்து பார்த்தால் நாற்பதும் மல்லாந்து மிதந்தன. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "செத்த மீனுக்கா ஓசூர் வரைக்கும் போனீங்க? ரஸ்ஸல் மார்க்கெட்ல கிடைக்காதா?" என்றாள்.

பல வருஷம் கழித்துச் சொந்த வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது, குளோரின் கலக்காத தண்ணீர் ஆயிற்றே என்று அதில் விட்டுப் பார்த்தேன். அப்போதும் பாதிக்கு மேல் செத்தன. அதன் பிறகுதான் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். நாம் காப்பாற்ற வேண்டியது மீனை அல்ல, அது நிற்கிற நீரை என்பதும், மாமா சொன்னது வெறும் பேச்சு அல்ல என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. கடல்மட்டத்தில் 25 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்து நிற்பது 8 மில்லிகிராம் சொச்சம்தான். நமக்குக் கிடைப்பதில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கை வைத்து மீன் குடும்பம் நடத்துகிறது. பெங்களூரோ கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், அதே தண்ணீர் இங்கே பத்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் பிராணவாயுவைப் பிடித்துவைக்கும். வெயில் ஏறினால் இன்னும் குறையும். தண்ணீர் சூடாக ஆக மீனின் தேவை மட்டும் கூடிக்கொண்டே போகும். பத்து பாகை ஏறினால் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வருமானம் குறையும்போது செலவு ஏறுகிற கதை. மாசச் சம்பளக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காற்று தண்ணீருக்குள் நுழைகிற வழி மேற்பரப்பு ஒன்றுதான். ஆகவே ஆழமான குடத்தைவிட அகலமான தொட்டி மேல். மாமாவின் அகன்ற பானையும், உயரத்திலிருந்து ஊற்றியதும் இதற்காகவே. மண்பானைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் மேனியில் நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. பிளாஸ்டிக் வாளிக்கு அது தெரியாது. இப்போது என்னிடம் இருப்பது மொட்டைமாடிப் படிக்கட்டுக்குக் கீழே, வெயில் படாத மூலையில் ஒரு சிமெண்ட் தொட்டி. மீன்தொட்டிக்காரர்கள் விற்கும் சின்ன ஏர் பம்ப் ஒன்று அதில் ஓடுகிறது. அதை இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன், ஏனென்றால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போவது நமக்குத் தெரியாது, மீனுக்குத் தெரியும்.

அடுத்தது தண்ணீரின் பிறப்பு. நம் வீட்டுக் குழாயில் வருகிற காவிரி, தொரேகாடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரம், பல கட்டமாக மேலேற்றப்பட்டு வருகிறது; முதல் கட்டத் திட்டம் 1974இல் வந்தது. நமக்கு நோய் வராதிருக்க அதில் குளோரின் கலக்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதில் பத்தில் ஒரு பங்கே மீனின் செவுளை அரிக்கப் போதும். பரிகாரம் எளிது. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, பம்ப் போட்டுக் குமிழியிட விட்டால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் ஹைப்போ. பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் படம் கழுவப் பயன்படுத்திய அதே உப்புதான். பத்து லிட்டருக்கு அரிசி அளவில் இரண்டு மூன்று படிகம் போட்டுக் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடியும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கதை வேறு. பூமிக்கடியில் காற்றைப் பார்க்காமல் கிடந்த தண்ணீர் அது. பிராணவாயு மிகக் குறைவு, கரியமிலவாயு அதிகம். பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், உள்ளே போன மீன் மூச்சுத் திணறும். அதையும் ஒரு நாள் குமிழியிட விட வேண்டும். எந்தத் தண்ணீரானாலும் ஒரே நாளில் முழுக்க மாற்றுவது கூடாது. நான் அன்று செய்த முதல் தப்பு அதுதான். தினம் நாலில் ஒரு பங்கு எடுத்து, நாலில் ஒரு பங்கு ஊற்றினால் போதும்.

ஏன் எடுக்க வேண்டும் என்றால், மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. தான் குடியிருக்கும் வீட்டிலேயே குப்பை கொட்டுகிற பிராணி. வேறு வழியும் அதற்கு இல்லை. இந்த அம்மோனியா எவ்வளவு கொல்லும் என்பது தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. காரமும் இல்லாமல் புளிப்பும் இல்லாமல் பி.ஹெச். 7 என்று இருந்தால், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவத்தில் இருக்கும். 8 ஆனால் ஐந்து பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். உப்புக்கறை படிகிற கடினத் தண்ணீர் வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொட்டியில் கூழாங்கல்லோ பஞ்சு வடிகட்டியோ போட்டு வைத்தால், நாலு முதல் ஆறு வாரத்தில் அதில் ஒருவகை நுண்ணுயிர்கள் குடியேறி, அம்மோனியாவைத் தீமை குறைந்த நைட்ரேட்டாக மாற்றத் தொடங்கும். வழவழப்பாக இருக்கிறதே என்று அந்தக் கல்லைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பொங்கலுக்குச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருமுறை கழுவினார்கள். மாட்டுப் பொங்கலன்று மீன் ஒன்றும் மிஞ்சவில்லை.

தீனி விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. ஒரு சிட்டிகை தவிடும் கடலைப் பிண்ணாக்குத் தூளும், ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு, ஒரு வேளை. பயணத்துக்கு முந்தின நாள் பட்டினி. வயிறு காலியாக இருந்தால் வழியில் தண்ணீர் கெடாது. செத்த மீனை உடனே எடுத்துவிட வேண்டும். அழுகும்போது அது மற்றவற்றின் பங்குக் காற்றையும் தின்னும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை பட்டால் மேலே உள்ள வழுவழுப்பு உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கல்லுப்பு போட்டால், பிடிபட்ட அதிர்ச்சியிலிருந்து மீன் சீக்கிரம் தேறும். நன்னீர் மீனின் உடம்பிலிருந்து உப்பு ஓயாமல் வெளியே கசிகிறது. வெளியிலும் கொஞ்சம் உப்பிருந்தால் அதன் உழைப்பு குறைகிறது.

வழிப்பயணம் தனிப் பாடம். பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டங்குலக் கெண்டை இருபது என்பது என் கணக்கு. பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் இப்போது எங்கும் கிடைக்கிறது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்க இறங்க வெக்கை ஏறும். ஐஸ்கட்டியை நேரே போடாமல், தண்ணீர் பாட்டிலை உறையவைத்து மூடியோடு மிதக்க விடுகிறேன். போய்ச் சேர்ந்ததும் அங்கத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அரைமணி பழகவிட்ட பிறகுதான் தூண்டில்.

இந்த பம்ப் எல்லாம் வருவதற்கு முன்னால் வங்காளத்து மீன்குஞ்சு வியாபாரிகள் வாயகன்ற ஹண்டிப் பாத்திரங்களில் குஞ்சுகளைக் கொண்டு போனார்கள். வழி நெடுகக் கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். தட்டுவதை நிறுத்தினால் சரக்கு செத்துவிடும். இன்று பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்கு ஆக்சிஜன் அடைத்துக் கட்டுகிறார்கள்.

ஆனால் இரைமீன் காப்பதில் இந்தியாவில் தலைசிறந்தவர்கள் யாரென்றால், லட்சத்தீவில் மினிக்காய்த் தீவுக்காரர்கள் என்று சொல்வேன். நம் கடைகளில் விற்கிற மாசிக் கருவாட்டின் தாயகங்களில் அதுவும் ஒன்று. அங்கே சூரை மீனை வலையில் அல்ல, கழித்தூண்டிலில் பிடிக்கிறார்கள். அதற்கு உயிருள்ள பொடிமீனைக் கடலில் இறைத்து, சூரைக் கூட்டத்தைப் படகருகே கட்டிவைக்க வேண்டும். பொடிமீனுக்காகப் படகின் நடுவிலேயே ஒரு தொட்டி. அதன் அடிப்பலகையில் துளைகள். படகு ஓட ஓடப் புதிய கடல்நீர் துளை வழியே ஏறிக்கொண்டும் பழைய நீர் வெளியேறிக்கொண்டும் இருக்கும். பம்பும் இல்லை, பேட்டரியும் இல்லை. மாமாவின் சொம்பு வேலையைக் கடலே செய்கிறது.

எல்லா மீனும் ஒரே மாதிரி மூச்சு விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கெண்டை முற்றிலும் தண்ணீரை நம்பியது. விரால், தேளி, பனையேறிக் கெண்டை இவை மேலே வந்து நேராகக் காற்றையே குடிக்கும். பனையேறி பனை ஏறியதைத் தரங்கம்பாடியில் தன் கண்ணாலேயே கண்டதாக டால்டார்ப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியனுப்பிய செய்தி, 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போயிற்று. அது உண்மையில் எவ்வளவு ஏறும் என்ற வழக்கு அப்புறம் வெகுகாலம் நடந்தது. நமக்கு வேண்டியது, ஈரத்துணி சுற்றி வைத்தாலே பனையேறி மணிக்கணக்கில் தாங்கும் என்பது. ஒரு எச்சரிக்கை: தொட்டியை விளிம்பு வரை நிரப்பி இறுக மூடினால், காற்று குடிக்க இடமில்லாமல் அது தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும்.

கெண்டை விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள். பாசியும் செடியும் பகலில் பிராணவாயுவைத் தரும், இரவில் அவையும் அதையே எடுத்துக்கொள்ளும். எனவே விடியும் நேரத்தில்தான் கையிருப்பு மிகக் குறைவு. 2016 மார்ச்சில் ஒரு காலைப்பொழுது அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் வெள்ளையாய் மிதந்ததை இந்த வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கழிவுநீர் கலந்து பிராணவாயு குறைந்ததே காரணம் என்று சொன்னார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றபோது எனக்கு 1978ஆம் வருஷத்து வாளிதான் ஞாபகத்துக்கு வந்தது. அளவுதான் பெரிசு.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த பகுதிக்கு வருகிறேன். மிஞ்சிய மீனை என்ன செய்வது? பல வருஷம் நான் செய்தது, வாளியோடு போய் அல்சூர் ஏரியில் கவிழ்த்தது. உயிரைக் கொல்லாமல் விட்டோம் என்று ஒரு புண்ணியக் கணக்கும் மனதில் இருந்தது. ஒருநாள் என் பேத்தி வாளிக்குள் பார்த்து, "தாத்தா, இது கெண்டை இல்லியே, கோடு கோடா வேற மாதிரி இருக்கே" என்றாள். பார்த்தால் பாதி ஜிலேபிக் குஞ்சு. அதற்கு முன் எத்தனை வாளி அப்படிப் போயிற்றோ.

ஜிலேபி மீன் நம் நாட்டு மீன் அல்ல. ஆப்பிரிக்காவில் தோன்றியது, 1952இல் இலங்கை வழியாக இங்கே கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத குளத்தைக் காண்பது அரிது. நாட்டுக் கெண்டைகளின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000இல் தடை செய்தும், அது இன்னும் ஒழிந்தபாடில்லை. கெட்ட எண்ணத்தோடுதான் இப்படி நடக்கும் என்றும் இல்லை. காவிரிக்கே உரிய திமில் மஹசீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் மஹசீர் பெருகட்டும் என்று நல்லெண்ணத்தோடு, லோனாவாலாவில் பொரித்த வேறு இன மஹசீர்க் குஞ்சுகளை 1970கள் தொடங்கிக் காவிரியில் விட்டார்கள். வந்தது பெருகிற்று, இருந்தது அருகிற்று. இருந்த மீன் எந்த இனம் என்று அறிஞர்கள் உறுதிசெய்து பெயர் சூட்டியதே 2018இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது.

பெங்களூரில் இருக்கிற நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. இந்த நகரம் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே விழும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையாகி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியே கடலூரில் கடலைத் தொடுகிறது. அல்சூர் ஏரியின் உபரிநீர் கிழக்கே போகிற கூட்டத்தைச் சேர்ந்தது. காவிரிப் பக்கத்தில் பிடித்த மீனை இங்கே கவிழ்த்தால், தானாக ஒருநாளும் தாண்டியிராத மேட்டை அது என் வாளியில் ஏறித் தாண்டிவிடுகிறது. அப்புறம் அது போய்ச் சேர்வது நம் ஊர்ப் பக்கத்து ஏரிகளுக்கு.

மீன் மட்டுமல்ல, நோயும் பயணம் செய்யும். 1988இல் இந்தியாவுக்குள் நுழைந்த புண்நோய் விராலையும் கெண்டையையும்தான் அதிகம் தாக்கியது. ஒருவகைப் பூசணத்தால் வருவது அது. வாளித் தண்ணீரே அதற்கு வாகனமாகப் போதும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து போன்ற நாடுகளில் உயிர்மீனைத் தூண்டிலில் கோர்ப்பதையே சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் தூண்டிலை எடுக்கும் முன் அந்த ஊர்ச் சட்டத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. இங்கேயும் சரணாலய எல்லைக்குள் தூண்டில் கூடாது. மற்ற நீர்நிலைகளில் உரிமையாளரையோ குத்தகைக்காரரையோ கேட்காமல் இறங்கக் கூடாது.

ஆகவே இப்போது என் வழக்கம் இது. இரைமீனை எந்த ஏரியில் பயன்படுத்தப் போகிறேனோ அதே ஏரியில்தான் பிடிக்கிறேன். கடையில் வாங்கிய அழகு மீனை அந்தத் தொட்டிப் பக்கமே விடுவதில்லை. ஜிலேபிக் குஞ்சை அங்கேயே கரையில் பொறுக்கிப் போட்டுவிடுகிறேன். கொக்குகளுக்கு அது தெரிந்துவிட்டது, நான் உட்காரும் முன்பே வந்து நிற்கின்றன. வீட்டுக்கு வந்த மீன் மறுபடி தூண்டிலுக்குப் போகும். இல்லையென்றால் என் தொட்டியிலேயே கிழடாகிச் சாகும். வேறு எந்த நீருக்கும் போகாது. தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரும் சாக்கடைக்கோ ஏரிக்கோ அல்ல, கறிவேப்பிலைச் செடிக்கு. அம்மோனியா, நைட்ரேட் என்று இவ்வளவு நேரம் பயமுறுத்தினேனே, அதெல்லாம் அதற்கு உரம்.

இதை எழுதுகிற இன்று தொட்டியில் இருபத்து மூன்று கெண்டை இருக்கிறது. கடந்த ஐந்து வாரத்தில் இரண்டுதான் செத்தன. காலில் வலி என்பதால் இந்த மாதம் கிருஷ்ணகிரிப் பயணம் இல்லை. தண்ணீர் ஊற்றுகிற வேலையை இப்போது பேத்திதான் செய்கிறாள். ஸ்டூல் போட்டு ஏறி, சொம்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு.